மொட்டைக் கடுதாசியும் கம்பெனி மின்னஞ்சலும்

எந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் இரண்டு கம்பெனிகள் இருக்கும். ஒன்று மீட்டிங் ரூமில் இயங்குவது. அங்கே எல்லோரும் தலையாட்டுவார்கள். டேமேஜர் (மேனேஜர் என்றும் சொல்வதுண்டு!) சொல்லும் ஜோக்குக்கு ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் சிரிப்பார்கள். இன்னொன்று எதிரே இருக்கும் டீக்கடையில் இயங்குவது. யாருக்கு எவ்வளவு இன்கிரிமென்ட், யார் பேப்பர் போட்டுவிட்டார், எந்த புராஜெக்ட்டை ஊற்றி மூடப் போகிறார்கள், எந்த பாஸிடம் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதெல்லாம் இந்த இரண்டாவது கம்பெனியில்தான் தெரியவரும்.

டீக்கடையில் ஒரே ஒரு சிக்கல். சொல்பவர் முகம் தெரியும். முகம் தெரிவதால்தான் கேட்பவர் நம்புகிறார். அதே காரணத்தால்தான் சொல்பவர் பயப்படுகிறார். "பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

பயம் அதிகமாகும்போது பழைய ஆபீஸ்களில் இன்னொரு வழி இருந்தது. மொட்டைக் கடுதாசி. கையெழுத்து இருக்காது, அனுப்பியவர் பெயர் இருக்காது, சில சமயம் இடது கையால் எழுதியிருப்பார்கள். இதில் எழுதியவருக்கு ஆபத்து குறைவு. ஆனால் படிப்பவருக்கு நம்பிக்கையும் குறைவு. எழுதியது உள்ளே வேலை செய்பவரா, வேலை போன கடுப்பில் இருப்பவரா, போட்டிக் கம்பெனிக்காரரா? தெரியாது. அதனால் பெரும்பாலான மொட்டைக் கடுதாசிகள் குப்பைக் கூடைக்குத்தான் போயின.

ஆக, முகம் தெரிந்தால் நம்பிக்கை உண்டு, பாதுகாப்பு இல்லை. முகம் தெரியாவிட்டால் பாதுகாப்பு உண்டு, நம்பிக்கை இல்லை. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் கொடுக்க முடியுமா? முடியும் என்று சொல்லித்தான் 2013-ஆம் ஆண்டு தென் கொரியாவில் ஒரு செயலி வந்தது. அதன் பெயர் பிளைண்ட்.

அது பிறந்த கதையே சுவாரசியமானது. நேவர் என்பது கொரியாவின் பெரிய இணைய நிறுவனம். அங்கே ஊழியர்கள் பெயர் சொல்லாமல் எழுத உள்ளுக்குள்ளேயே ஒரு பலகை இருந்தது. நிர்வாகம் ஒருநாள் அதை மூடிவிட்டது. கம்பெனி நடத்தும் பலகையைக் கம்பெனியே மூடிவிட முடியும் என்றால், பலகை கம்பெனிக்கு வெளியே இருக்க வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவர்கள் மட்டும் வர வேண்டும். இதுதான் பிளைண்டின் மூல யோசனை. 2015-இல் அமெரிக்காவுக்கும் போனது. சிலிக்கான் வேலியில் பொட்டி தட்டுபவர்கள் நடுவே பரவியது.

உள்ளே நுழைவது இப்படித்தான். உங்கள் கம்பெனி கொடுத்த மின்னஞ்சல் முகவரியைப் போட வேண்டும். அந்த முகவரிக்கு ஒரு குறியீட்டு எண் வரும். அதைத் திருப்பிப் போட்டால் கதவு திறக்கும். பிறகு ஒரு புனைபெயர். எல்லாக் கம்பெனிக்காரர்களும் கூடும் பொது அறையில் எழுதினால் புனைபெயருக்குப் பக்கத்தில் கம்பெனி பெயர் தெரியும், அவ்வளவுதான். சொந்தக் கம்பெனிக்கென்று தனி அறை உண்டு. அதற்குள் அந்தக் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான் போக முடியும்.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனித்தீர்களா? கம்பெனியைத் திட்டுவதற்கான அனுமதிச் சீட்டைக் கொடுப்பது கம்பெனியேதான்! அது கொடுத்த மின்னஞ்சல் பெட்டிதான் "இவர் உள்ளே இருப்பவர்" என்பதற்குச் சாட்சி. 2017-இல் ஊபர் நிறுவனத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகார்கள் வெடித்தபோது, கம்பெனி நெட்வொர்க்கில் பிளைண்டைத் தடை செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஒரு செயலிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் தேவையா என்ன?

சரி, இப்படி ஒரு அறை இருந்தால் என்ன நடக்கும்? நடந்த கதை ஒன்று உண்டு. உலகமே சிரித்த கதை. ஆனால் அது சிரிப்புக் கதை இல்லை.

2014 டிசம்பர் 5. நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம். இஞ்சியோன் போக வேண்டிய கொரியன் ஏர் விமானம் கேட்டை விட்டு நகர ஆரம்பித்துவிட்டது. முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் சோ ஹியூன்-ஆ. அந்த விமான நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர், சேர்மனின் மூத்த மகள். அவருக்கு மக்கடேமியா கொட்டையைத் தட்டில் வைக்காமல் பாக்கெட்டோடு கொடுத்துவிட்டார்கள். அதுதான் குற்றம். கோபத்தில் கத்தி, பணியாளர்களை அவமானப்படுத்தி, கடைசியில் விமானத்தையே கேட்டுக்குத் திருப்ப வைத்து, தலைமைப் பணியாளர் பார்க் சாங்-ஜின் என்பவரைக் கீழே இறக்கிவிட்டார். விமானம் அவர் இல்லாமல் கிளம்பியது.

இது போன்ற விஷயம் வழக்கமாக எங்கே போய் முடியும்? இறக்கிவிடப்பட்டவர் அடுத்த விமானத்தில் ஊர் திரும்புவார். மேலிடம் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் கேட்கும். டீக்கடையில் நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். முடிந்தது. கொரியாவிலும் அப்படி முடிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் விஷயம் பிளைண்டில் இருந்த கொரியன் ஏர் அறையில் பெயரில்லாமல் வந்தது. அங்கிருந்து பத்திரிகைகளுக்குப் போனது. மூன்று நாளில் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. கொரியர்கள் அதற்கு வேர்க்கடலை என்ற சொல்லை வைத்தே ஒரு கேலிப் பெயர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். போக்குவரத்து அமைச்சகம் விசாரித்தபோது, உண்மையைச் சொல்லக் கூடாது என்று ஊழியர்களை நெருக்கினார்கள். ஆதாரத்தை மறைத்ததற்காக ஒரு நிர்வாகியே தண்டனை பெற்றார். சோ ஹியூன்-ஆவுக்கு 2015 பிப்ரவரியில் ஓராண்டு சிறை. மே மாதம் மேல்முறையீட்டில் அது நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனையாக மாறி, வெளியே வந்தார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இங்கே ஒரு கேள்வி வரும். உண்மையைத்தானே எழுதினார்கள், பிறகு ஏன் பெயரை மறைக்க வேண்டும்? உண்மை பேசுபவருக்கு என்ன பயம்?

கொரியாவில் பயப்படக் காரணம் உண்டு. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 307-ஆவது பிரிவின்படி, ஒருவர் பெயர் கெடும்படி பகிரங்கமாகச் சொன்னால் அது குற்றம். சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையாக இருந்தாலும் குற்றம்தான்! இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 50 லட்சம் வோன் வரை அபராதம். பொது நன்மைக்காக மட்டுமே சொன்னேன் என்று நிரூபித்தால் தப்பலாம். ஆனால் அதை நிரூபிக்க கோர்ட் படி ஏற வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும், அதற்குள் வேலை இருக்குமா என்பது தனிக் கதை. இந்தச் சட்டம் செல்லாது என்று போட்ட வழக்கில் 2021 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள், நான்கு பேர் செல்லாது என்றார்கள். சட்டம் தப்பித்தது.

இதோடு அந்நாட்டு அலுவலகப் பண்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நசுக்குவதற்கு என்றே கொரிய மொழியில் 'கப்ஜில்' என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் முதல் தரப்பு 'கப்', இரண்டாம் தரப்பு 'உல்'. கப் செய்யும் அட்டகாசம் கப்ஜில். ஒரு கொடுமைக்குத் தனிச் சொல் இருக்கிறது என்றால் அது எவ்வளவு அன்றாடமானது என்று புரிந்துகொள்ளலாம். குடும்பமே நடத்தும் பெரிய நிறுவனங்கள், ஒரே கம்பெனியில் ஆயுள் முழுக்க வேலை என்ற பழக்கம், முதலாளி மகளை எதிர்த்தால் அந்தத் துறையிலேயே வேலை கிடைக்காது என்ற நிலைமை. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவரிடம் "தைரியமாகப் பெயர் போட்டு எழுது" என்று சொல்வது, நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளிவிட்டு "தைரியமாக இரு" என்று சொல்வது மாதிரி.

பெயர் இல்லாதவர்கள் வெறுமனே புலம்புவதோடு நிற்கவில்லை என்பதற்கும் இதே கம்பெனிதான் உதாரணம். 2018 ஏப்ரலில் சேர்மனின் இளைய மகள் ஒரு விளம்பர நிறுவனத்துடன் நடந்த மீட்டிங்கில் கோபத்தில் பானத்தை வீசியதாகச் செய்தி வெளிவந்தது. அக்கா கொட்டை, தங்கை தண்ணீர்! இந்த முறை ஊழியர்கள் காக்காவ்டாக் செயலியில் பெயர் தெரியாத ஓர் அரட்டை அறையைத் திறந்தார்கள். சேர்மன் குடும்பத்தைப் பற்றி யாருக்கு என்ன தெரியுமோ அதையெல்லாம் அங்கே கொண்டுவந்து போட்டார்கள். விமானி, பணிப்பெண், மெக்கானிக், சரக்குப் பிரிவு என்று எல்லாத் தரப்பும் அதில் இருந்தது. பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் அந்த அறையில் தன்னோடு பேசுகிறார் என்றுகூடத் தெரியாத நிலை.

2018 மே 4 அன்று மாலை அந்த அறையில் இருந்தவர்கள் சியோல் நகரத்தின் குவாங்வாமுன் பகுதியில் கூடினார்கள். சிலர் சீருடையோடு வந்திருந்தார்கள். ஏறக்குறைய எல்லோர் முகத்திலும் கை ஃபாக்ஸ் முகமூடி ('வி ஃபார் வெண்டெட்டா' படத்தில் வருமே, மீசையோடு சிரிக்கும் அந்த முகமூடி!). கம்பெனி ஆட்கள் கூட்டத்தில் நின்று யார் யார் வந்தார்கள் என்று குறித்துக்கொள்வார்களே என்ற பயம்தான் காரணம். இணையத்தில் புனைபெயர் என்றால் தெருவில் முகமூடி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த ஆண்டு 2019 மார்ச் 27 அன்று பங்குதாரர் கூட்டம். சேர்மன் சோ யாங்-ஹோ இயக்குநர் பதவியில் தொடர மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கிடைத்தது 64.1 சதவீதம். கொரியாவின் தேசிய ஓய்வூதிய நிதியமும் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டிருந்தது. தான் நடத்திய கம்பெனியின் இயக்குநர் குழுவில் அவருக்கு இடமில்லாமல் போனது. (அடுத்த மாதமே அவர் காலமானார்.) அதே ஆண்டு ஜூலை 16 முதல் பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டத் திருத்தமும் கொரியாவில் நடைமுறைக்கு வந்தது. இதெல்லாம் ஒரு செயலியால் நடந்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் முதல் வரியை யாரோ பெயரில்லாமல் எழுதினார்கள் என்பது பொய்யில்லை.

இத்தனை புகழ்ந்தாகிவிட்டது. இனி மறுபக்கம்.

2021 மார்ச் மாதம். கொரியாவின் அரசு நில, வீட்டு வசதிக் கழகமான எல்.எச்.-இல் வேலை பார்த்தவர்கள், புது நகரம் வரப்போகும் இடம் அறிவிக்கப்படுவதற்கு முன்னாலேயே அங்கே நிலம் வாங்கிப் போட்டது அம்பலமானது. வீட்டு விலை ஏறி இளைஞர்கள் வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம் அது. அப்போது பிளைண்டில் எல்.எச். அடையாளத்தோடு ஒருவர் எழுதினார். எப்படியும் இதெல்லாம் மறந்து போகும், பொறாமையாக இருந்தால் நீங்களும் எங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வாருங்கள் என்கிற அர்த்தத்தில்! நாடே கொதித்தது. கழகமே புகார் கொடுத்தது. போலீஸ் சோதனை போட்டது. எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பாருங்கள், பார்க் சாங்-ஜின்னுக்கு நடந்த அநியாயத்தை வெளியே சொன்னவரைக் காப்பாற்றிய அதே சுவர்தான் இந்த ஆளையும் காப்பாற்றியது. நல்லவருக்கு மட்டும் ஒதுங்க இடம் கொடுக்கும் சுவரை இதுவரை எந்தக் கொத்தனாரும் கட்டவில்லை.

அன்றாட அசிங்கங்கள் தனி. அமெரிக்கப் பக்கத்துப் பிளைண்டில் ஒருவர் வாழ்க்கைச் சந்தேகம் கேட்டால்கூட, முதலில் உன் மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று எழுது, பிறகு பதில் சொல்கிறேன் என்பார்கள். சம்பளத்தை வெளிப்படையாகப் பேசுவது நல்லதுதான். ஒரே வேலைக்குப் பக்கத்து சீட்டுக்காரருக்கு அதிகம் தருகிறார்கள் என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? (அமெரிக்காவில் சக ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவதை 1935-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டமே பாதுகாக்கிறது.) ஆனால் தகவலாக ஆரம்பித்தது ஜம்பமாக மாற வெகுநேரம் ஆகவில்லை. கூடவே கூட வேலை செய்யும் பெண்களைப் பற்றிய வம்பு, இன்னொரு நாட்டுக்காரர் மேல் வெறுப்பு, நாளைக்கே ஆயிரம் பேரைத் தூக்கப் போகிறார்கள் என்ற வதந்தி. சாப்பாடு நன்றாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நன்றாக இல்லாவிட்டால்தான் ஊரெல்லாம் சொல்வார்கள். கம்பெனி விஷயமும் அப்படித்தான். படிப்பவர் இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

"உள்ளே இருப்பவர்தான்" என்ற உத்தரவாதமாவது முழுசா என்றால் அதுவும் இல்லை. 2023 ஆகஸ்டில் போலீஸ்காரர் என்ற அடையாளத்தோடு ஒருவர் பிளைண்டில் கொலை மிரட்டல் விடுத்தார். சியோலின் கங்நாம் ரயில் நிலையத்தில் கத்திக்குத்து நடத்தப் போவதாக. மறுநாளே பிடித்துவிட்டார்கள். ஆள் போலீஸே இல்லை! போலிக் கணக்குத் தயாரித்திருந்தார். அப்படிப்பட்ட கணக்குகளை மற்றவர்களுக்கு விற்றும் வந்திருக்கிறார். ஆக, மின்னஞ்சல் சாட்சியும் பொய் சொல்லும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதும் எப்போதும் உண்மையில்லை.

இங்கேதான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி இருக்கிறது. பெயரை மறைப்பது சரியா தப்பா என்ற பட்டிமன்றத்தை எத்தனை நாள் வேண்டுமானாலும் நடத்தலாம். வேலையில் இருப்பவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு. மறைத்த பெயர் யாரிடம் இருக்கிறது?

ரகசியம் காப்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் "எனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன்" என்பவர். இன்னொருவர் "எனக்கே தெரியாது" என்பவர். கேட்க இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் கோர்ட் உத்தரவு வரும்போது முதல் ஆள் என்ன செய்வார்?

கிளாஸ்டோர் என்ற அமெரிக்க நிறுவனத்தைப் பாருங்கள். 2008-இல் வந்தது. ஊழியர்கள் பெயர் சொல்லாமல் தங்கள் கம்பெனியைப் பற்றி மதிப்புரை எழுதும் இடம். தன் பயனாளர்களுக்காக அது கோர்ட்டில் சண்டை போட்டதும் உண்மை. ஆனால் 2017-இல், அரசு ஒப்பந்தம் பெற்ற ஒரு நிறுவனத்தைப் பற்றிய விசாரணையில், மதிப்புரை எழுதியவர்களின் விவரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-இல் நியூசிலாந்தில் தொடங்கிய சூரு என்ற பொம்மை நிறுவனம், தன்னைக் கடுமையாக விமர்சித்தவர்கள் மேல் அங்கே வழக்குப் போட வேண்டும், அவர்கள் யார் என்று சொல்லுங்கள் என்று கலிபோர்னியா நீதிமன்றத்தில் கேட்டது. கொடு என்றுதான் உத்தரவு வந்தது. நல்ல எண்ணத்தோடு வைத்திருந்தாலும், கையில் இருப்பதைக் கேட்பதற்கு உலகத்தில் ஆள் உண்டு.

எண்ணமும் அப்படியே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2018-இல் கிளாஸ்டோரை ஜப்பானின் ரெக்ரூட் நிறுவனம் 120 கோடி டாலருக்கு வாங்கியது. 2021-இல் கிளாஸ்டோர், ஃபிஷ்பவுல் என்ற இன்னொரு தளத்தை வாங்கியது. அதுவும் ஒரே தொழிலில் இருப்பவர்கள் மனம்விட்டுப் பேசும் இடம். இரண்டையும் இணைத்த பிறகு, 2024 மார்ச்சில், தங்கள் உண்மைப் பெயரைக் கேட்காமலே கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று பயனாளர்கள் புகார் சொன்னார்கள். அந்தப் பெயர் வெளியே தெரியாது என்று நிறுவனம் சமாதானம் சொன்னது. ஆனால் பெயர் கொடுக்காமல் சேர்ந்தவருக்கு அது என்ன ஆறுதல்? வீட்டு முதலாளி மாறினால் வாடகை ஒப்பந்தமும் மாறும் என்பது வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் புதுசா?

பிளைண்ட் இரண்டாவது வகையாக இருக்க முயற்சி செய்கிறது. கம்பெனி மின்னஞ்சலை அப்படியே வைத்துக்கொள்வதில்லை, கணக்கோடு இணைப்பதில்லை என்கிறது. இந்த நுட்பத்தைச் சட்னியோடு ஒப்பிடலாம். தேங்காயை அரைத்துச் சட்னி ஆக்கலாம், சட்னியிலிருந்து தேங்காயைத் திரும்ப எடுக்க முடியாது. மின்னஞ்சலையும் அப்படி அரைத்து வைத்தால் திருடனுக்குக் கிடைப்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான். ஆனால் இந்தச் சட்னிக்கு ஒரு குணம் உண்டு. அதே தேங்காயை அதே மிக்ஸியில் அரைத்தால் அச்சு அசலாக அதே சட்னி வரும். ஒரு கம்பெனியின் எல்லா ஊழியர்களின் மின்னஞ்சலும் கம்பெனியிடமே இருக்கிறது. அரைத்த விதம் தெரிந்த ஒருவர் அத்தனையையும் அரைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்? அதனால்தான் அரைப்பது மட்டும் போதாது, அதோடு ரகசிய உப்பும் சேர்க்க வேண்டும் என்பார்கள் கணினிப் பாதுகாப்பு படித்தவர்கள். (சட்னிக்கும் உப்பு வேண்டும், இதற்கும் உப்பு வேண்டும்!)

எவ்வளவு நுட்பம் இருந்தாலும் கதவைப் பூட்ட மறந்தால் என்ன பயன்? 2018 டிசம்பரில் பிளைண்டின் ஒரு சர்வர் பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது வெளியே வந்தது. அந்த ஆண்டு நவம்பர் தொடங்கி டிசம்பர் 19 வரை சேர்ந்தவர்கள், உள்ளே நுழைந்தவர்கள் சிலரின் மின்னஞ்சல் முகவரிகள் அதில் அப்படியே இருந்தன. வேலையைப் பணயம் வைத்து எழுதியவர் ஒருவர் அந்தச் செய்தியைப் படித்த இரவு எப்படித் தூங்கியிருப்பார்?

இன்னொரு கணக்கும் உண்டு. இந்த அறைகளில் பேசுவதற்குக் கட்டணம் கிடையாது. செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? விளம்பரத்திலிருந்து, வேலைக்கு ஆள் தேடும் நிறுவனங்களிடமிருந்து. அதாவது, அறைக்குள் யாரைத் திட்டுகிறார்களோ அவர்கள்தான் அறையின் வாடிக்கையாளர்கள். இதனால் எல்லாமே மோசடி என்று சொல்ல முடியாது. பத்திரிகைகளும் காலம் காலமாக இப்படித்தான் நடக்கின்றன. ஆனால் அந்த அறை தொழிற்சங்க அலுவலகம் அல்ல. அங்கே பேசுபவர்கள் அதன் உறுப்பினர்கள் அல்ல, சரக்கு.

சர்வரும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம், தன்னைத்தானே காட்டிக் கொடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். "எங்கள் டீமில் பன்னிரண்டு பேர், போன மாதம் மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தேன், வந்த அன்றே என் வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதினால் அதற்குப் பிறகு புனைபெயர் எதற்கு? எழுதும் நடை, அடிக்கடி பயன்படுத்தும் சொல், எழுதிய நேரம், எல்லாமே கையெழுத்துத்தான். பழைய காலத்து மொட்டைக் கடுதாசிக்காரர் இடது கையால் எழுதினார். புதிய காலத்தவருக்கும் ஓர் இடது கை தேவைப்படுகிறது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், இந்த அறைகள் எதற்கு நல்லது, எதற்கு நல்லதல்ல என்று பிரித்துக்கொள்ளலாம். "இது எனக்கு மட்டும் நடக்கிறதா, எல்லோருக்கும் நடக்கிறதா?" என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. கொடுமை செய்பவரின் பெரிய பலமே, மாட்டிக்கொண்டவர் ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பது. அந்த நினைப்பை உடைக்க ஒரு புனைபெயர் போதும். சேரப்போகும் கம்பெனியில் சம்பளம் எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமையும் ஆணி பிடுங்க வேண்டுமா என்று கேட்கவும் போதும். ஆனால் நியாயம் கிடைக்கும் இடம் அது அல்ல. விசாரணையில் புனைபெயர் சாட்சி சொல்ல முடியாது. இழப்பீட்டுக் காசோலையைப் புனைபெயருக்கு எழுத முடியாது. அங்கே யாராவது ஒருவர் முகமூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கொரியன் ஏர் கதையில் கழற்றியவர் பார்க் சாங்-ஜின். பெயர் இல்லாமல் வந்த செய்தி கொஞ்ச நாளில் அடங்கிப் போயிருக்கலாம். 2014 டிசம்பரிலேயே அவர் தொலைக்காட்சியில் முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொன்னார். பொய் சொல்லும்படி நெருக்கினார்கள் என்பதையும் சொன்னார். அதற்கு அவர் கொடுத்த விலை சாதாரணமானதல்ல. நீண்ட விடுப்புக்குப் பிறகு 2016-இல் வேலைக்குத் திரும்பியபோது பழைய தலைமைப் பொறுப்பு அவருக்கு இல்லை. சாதாரணப் பணியாளராக நின்றார். ஆங்கில அறிவிப்புத் தேர்வில் தகுதி பெறவில்லை என்று நிறுவனம் காரணம் சொன்னது. அவர் வழக்குப் போட்டார். பொய் சொல்லச் சொல்லி நெருக்கியதற்கு இழப்பீடு தரச் சொன்ன நீதிமன்றம், பொறுப்பு போனது பழிவாங்கல் என்ற வாதத்தை ஏற்கவில்லை. 2018-இல் முகமூடிக் கூட்டத்துக்குப் பிறகு ஊழியர்கள் புதிதாக ஒரு தொழிற்சங்கக் கிளை தொடங்கியபோது அதற்குத் தலைவரானார். பிறகு வேலையை விட்டு அரசியலுக்குப் போனார்.

பார்க் ஒருவரே போதும், அவரைப் போல எல்லோரும் துணிய வேண்டும் என்று பாடம் சொல்வது சுலபம். ஆனால் அவருக்கு என்ன நடந்தது என்பதையும் கூட இருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால்தான் மூன்றரை வருடம் கழித்து அவர்கள் முகமூடியோடு வந்தார்கள். ஒருவர் முகத்தைக் காட்டினால் அவரைத் தனியாகப் பிடிக்கலாம். முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நின்றால் யாரைப் பிடிப்பது? முகம் காட்டியவருக்குப் பின்னால் முகம் காட்டாதவர்கள் நின்றதால்தான் அவர் தனி ஆளாகவே முடிந்துபோகவில்லை.

கேம்பஸ் இன்டர்வியூ முடித்து ஆஃபர் லெட்டரோடு இருப்பவர்கள் கம்பெனி மின்னஞ்சல் கிடைத்த முதல் வாரத்திலேயே இந்த மாதிரி ஏதாவது ஒரு அறையில் நுழைந்துவிடுவார்கள். நுழையட்டும். உள்ளே போகும் முன் அந்த மின்னஞ்சலை இவர்கள் என்ன செய்வார்கள், கம்பெனி கைமாறினால் என்ன ஆகும், கோர்ட் கேட்டால் கொடுப்பதற்கு இவர்களிடம் என்ன இருக்கும் என்று ஐந்து நிமிடம் படித்துவிட்டுப் போகட்டும். கம்பெனி லேப்டாப்பில் வேண்டாம், கம்பெனி வைஃபையிலும் வேண்டாம். அப்புறம், அறைக்குள் யாராவது ஒருவர் "இது எனக்கு மட்டும்தான் நடக்கிறதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல், "இல்லை, எனக்கும் நடந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு வரட்டும்.